மணிக்கணக்கு

கடிதம் வந்த கதையை இந்த ஒரு வருடத்தில் பலரிடம் சொல்லிவிட்டேன். கடிதம் வந்த மூன்றாம் நாள் நான் பேசியதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. 2025 ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை வந்த அந்தக் கடிதத்தோடு, எங்கள் பயிற்சித் திட்டத்துக்கு அமெரிக்க அரசு தந்துவந்த நல்கை, அதாவது கிராண்ட், ரத்தானது. திங்கட்கிழமை காலை குழுக்கூட்டத்தில், அழுது வீங்கிய முகங்களைப் பார்த்து, "பணம் போனால் போகட்டும், நாமே நடத்துவோம்" என்றேன். முழு மனதோடு சொன்னேன். கைதட்டினார்கள். இரண்டு பேர் எழுந்து வந்து கட்டிக்கொண்டார்கள். அந்த வாக்கியத்தில் என்ன பிழை இருந்தது என்று எனக்குப் புரிய ஆறு மாதம் ஆனது. அதைப் புரியவைத்தவர் எங்கள் திட்டத்திலேயே படித்து வெளியேறிய ஒரு பெண். அவர் சொன்னது இன்னும் எனக்குள் அடங்கவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் செல் உயிரியல் பேராசிரியை. ஆய்வுக்கூடத்தோடு சேர்த்து, இளம் அறிவியலாளர்களுக்கான ஒரு தலைமைப் பயிற்சித் திட்டத்தையும் இன்னொரு பேராசிரியரோடு சேர்ந்து நடத்திவந்தேன். போஸ்ட்டாக், அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப்பணி, முடிக்கும் நிலையில் இருப்பவர்கள், உதவிப் பேராசிரியராகி ஓரிரு வருடமே ஆனவர்கள் என ஆண்டுக்கு 24 பேர். கோடையில் நான்கு நாள் ஒரே இடத்தில் தங்கிப் பயிற்சி. அதன்பிறகு நான்கு நான்கு பேராகப் பிரிந்து, ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு வழிகாட்டியோடு இரண்டு வருடம் மாதாமாதம் ஜூமில் சந்திப்பார்கள். எந்த நேரத்திலும் 12 வட்டங்கள், 48 பேர், 12 வழிகாட்டிகள். ஐந்து வருட நல்கையில் மூன்றாம் வருடம் ஓடிக்கொண்டிருந்தது.

"தலைமைப் பயிற்சி" என்றதும் மேடைப்பேச்சு நினைவுக்கு வரலாம். நாங்கள் சொல்லிக்கொடுத்தது வேறு. நல்கையின் வரவுசெலவுத் தாளை எப்படி வாசிப்பது, முதல் மாணவரைத் தேர்ந்தெடுக்கும்போது எதைக் கேட்பது, ஒரே ஆய்வுக்கூடத்தில் இரண்டு பேர் பேச்சை நிறுத்திவிட்டால் யாரை முதலில் கூப்பிட்டு உட்காரவைப்பது, வேலைக்கான கடிதம் கையில் வந்தபின் கருவிகளுக்கும் இடத்துக்கும் எவ்வளவு கேட்கலாம், இப்படி. பத்துப் பன்னிரண்டு வருடம் சோதனை செய்யக் கற்றவரிடம் ஒருநாள் ஓர் ஆய்வுக்கூடத்தின் சாவியைக் கொடுத்து, இனி பத்துப் பேரின் பிழைப்பு உன் பொறுப்பு என்று சொல்வதுதான் எங்கள் துறையின் வழக்கம். அப்பாவோ அம்மாவோ பேராசிரியராக இருந்த வீட்டில் வளர்ந்தவருக்கு இதில் பாதி சாப்பாட்டு மேசையிலேயே கிடைத்துவிடும். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குள் நுழைந்தவருக்கு அதைச் சொல்ல யாரும் இல்லை. மருத்துவ ஆய்வுக்கு நல்கை தரும் அமெரிக்க அரசு அமைப்பான தேசிய சுகாதார நிறுவனங்களே, அதாவது என்ஐஎச்சே கேட்டுச் செய்யவைத்த ஓர் ஆய்வு 2011-இல் சயின்ஸ் இதழில் வந்தது. படிப்பு, பயிற்சி, வெளியிட்ட கட்டுரைகள் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும், கறுப்பின விண்ணப்பதாரர்கள் நல்கை பெறும் வாய்ப்பு வெள்ளையரைவிட 10 சதவீதப் புள்ளி குறைவு என்று அது காட்டியது. எங்கள் திட்டம் போல நாடெங்கும் முளைத்தவற்றுக்குப் பின்னால் அந்த எண் இருந்தது.

பிறகு நடந்தது பெரும்பாலும் எல்லோருக்கும் தெரியும். பன்முகத்தன்மைத் திட்டங்களை நிறுத்தச் சொல்லி 2025 ஜனவரி 20, 21 தேதிகளில் அதிபர் டிரம்ப்பிடமிருந்து வந்த ஆணைகள். பிப்ரவரி கடைசியிலிருந்து என்ஐஎச் அனுப்பத் தொடங்கிய ரத்துக் கடிதங்கள். "இந்த நல்கை இனி நிறுவனத்தின் முன்னுரிமைகளை நிறைவேற்றவில்லை" என்ற அந்த ஒரே வரி எல்லாவற்றிலும் இருந்தது. ஏப்ரல் 18-இல், அறிவியல் ஆய்வுக்கு நல்கை தரும் இன்னோர் அரசு அமைப்பான தேசிய அறிவியல் அறக்கட்டளையும் ரத்து செய்யத் தொடங்கியது. ஆறே நாளில், 24-ஆம் தேதி, அதன் இயக்குநர் சேதுராமன் பஞ்சநாதன் பதவி விலகினார். பதவிக்காலம் முடிய இன்னும் 16 மாதம் இருந்தது. சென்னையில் பிறந்து அந்த நாற்காலிவரை போன ஒருவர் விலகிய செய்தியை, எங்கள் திட்டத்தில் எஞ்சிய பணத்தைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த அதே மேசையில் வாசித்தேன். சிறுபான்மை மாணவர்களை ஆய்வுக்குள் கொண்டுவர 1970-களிலிருந்து என்ஐஎச் நடத்திவந்த மார்க் திட்டமும் அந்த வருடம் மூடப்பட்டது. ஐம்பது வருடத்துக்கு நெருங்கிய ஒன்றே போகும்போது எங்களுடையது எம்மாத்திரம் என்று தோன்றியது.

நல்கை ரத்தாவது என்றால் நடைமுறையில் என்னவென்று வெளியே உள்ளவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. பணத்தை ஏற்கெனவே கொடுத்துவிட்டார்கள், மீதியைத்தான் தரமாட்டார்கள் என்று நினைப்பார்கள். உண்மையில் பல்கலைக்கழகம் முதலில் செலவு செய்துவிட்டு, பிறகு அரசிடமிருந்து எடுத்துக்கொள்ளும். ரத்து தேதிக்குப் பிறகு புதிதாகச் செய்யும் செலவை எவரும் ஏற்கமாட்டார்கள். ஜூன் பயிற்சிக்குப் பதிவு செய்திருந்த விடுதி, வாங்கிவிட்ட விமானச் சீட்டுகள், கையெழுத்தான பயிற்றுநர் ஒப்பந்தங்கள் என ஒவ்வொன்றையும் பற்றி நிதி அலுவலகத்தோடு தனித்தனியாகப் போராட வேண்டும். இறுதி அறிக்கைகளை 120 நாளுக்குள் கொடுக்க வேண்டும். இவற்றையெல்லாம் முடித்துக்கொடுக்க வேண்டியவர் எங்கள் ஒருங்கிணைப்பாளர். அவருடைய சம்பளமோ முழுக்க அதே நல்கையிலிருந்து வந்தது. தான் வேலையிழக்கும் திட்டத்தின் கணக்கைத் தானே முடித்துக்கொடுத்துவிட்டு ஜூன் கடைசியில் அவர் கிளம்பினார். போகும் முன் 48 பேருக்கும் தனித்தனியாக ஒரு மின்னஞ்சல் எழுதினார்.

நீதிமன்றம் ஒரு நம்பிக்கை கொடுத்தது. ஜூன் 16-இல் பாஸ்டனில் நீதிபதி வில்லியம் யங், என்ஐஎச் செய்த ரத்துகள் சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தபோது எங்கள் குழுவில் இரவெல்லாம் குறுஞ்செய்திகள் ஓடின. ஆகஸ்ட் 21-இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற பெரும்பான்மையில் அந்தத் தீர்ப்பில் ரத்துகள் பற்றிய பகுதியை நிறுத்திவைத்தது. நல்கைப் பணம் தொடர்பான வழக்குகளைத் தனியாக இருக்கும் கூட்டாட்சி உரிமைக்கோரல் நீதிமன்றத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்றது. அந்த இரண்டு மாதமும் நாங்கள் எதையும் முடிவு செய்யாமல் காத்திருந்தோம். திரும்பிப் பார்க்கையில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது அந்தக் கோடைதான். வந்துவிடும் வந்துவிடும் என்று உட்கார்ந்திருந்ததில், யார் எந்த வேலையைச் செய்யப்போகிறார்கள் என்று ஒருமுறைகூட உட்கார்ந்து பேசவில்லை. நாமே நடத்துவோம் என்ற என் வாக்கியம் மட்டும் நடந்துகொண்டிருந்தது.

அறுபத்தொரு மணி நேரம்

அது எப்படி நடந்தது என்றால், 12 வழிகாட்டிகளுக்கும் ஏப்ரலிலேயே ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தேன். மதிப்பூதியம் இனி கிடையாது, ஒருங்கிணைப்பாளர் இருக்கமாட்டார், ஆனாலும் உங்கள் வட்டத்தைத் தொடர்வீர்களா என்று. இரவு பதினொரு மணிக்குள் 12 பேரும் சம்மதம் சொல்லிவிட்டார்கள். ஒருவர் "இதைக் கேட்கவே வேண்டாம்" என்று எழுதியிருந்தார். அந்தப் பதில்களை அச்செடுத்து அலுவலகச் சுவரில் ஒட்டினேன். மனிதர்கள் மேல் அவ்வளவு நம்பிக்கை வந்த நாள் என் வாழ்க்கையில் குறைவு.

அக்டோபர் கடைசியில் அந்த வழிகாட்டிகளில் ஒருவர் கூப்பிட்டார். திட்டத்தின் முதல் அணியில் வந்தவர். மூன்று மணி நேரக் கார்ப்பயணத் தூரத்தில் ஒரு சிறிய கல்லூரியில் இரண்டாம் வருட உதவிப் பேராசிரியை. பருவத்துக்கு மூன்று வகுப்பு எடுக்கிறார், ஆய்வுக்கூடத்தில் இரண்டு இளங்கலை மாணவர்கள். "வட்டத்திலிருந்து விலகுகிறேன்" என்றார். உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டேன். "இல்லை, கணக்கு ஒன்று அனுப்பியிருக்கிறேன், திறந்து பாருங்கள். நான் இணைப்பில் காத்திருக்கிறேன்" என்றார்.

ஓர் எக்ஸெல் தாள். ஆகஸ்ட் தொடங்கி அக்டோபர் முடிய, வட்டத்துக்காகச் செலவிட்ட நேரத்தை நாள்வாரியாகக் குறித்துவைத்திருந்தார். மொத்தம் 61 மணி நேரம். அதில் மாதாந்தரச் சந்திப்புக்குப் போனது வெறும் நாலரை மணி. வட்டத்தில் இருவருக்கு அவர்களுடைய நல்கையும் ரத்தாகி வேலை போகும் நிலை. அவர்களோடும் மற்ற இருவரோடும் தொலைபேசியில் பேசியது 23 மணி. அவர்கள் புதிதாக எழுதிய விண்ணப்பங்களைப் படித்துத் திருத்தியது 16 மணி. பரிந்துரைக் கடிதங்கள் 9 மணி. நாள் குறிப்பது, நினைவூட்டுவது, வராதவரைத் தேடுவது என்று மின்னஞ்சலில் எட்டரை மணி. கடைசி வரிசை முழுக்க எங்கள் ஒருங்கிணைப்பாளர் செய்துவந்த வேலை. அவர் இருந்தவரை அது ஒரு வேலையென்றே என் கண்ணில் பட்டதில்லை.

நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவர் குறுக்கிட்டார். "பயிற்சியின் இரண்டாம் நாள் நீங்கள்தான் எங்களுக்கு வகுப்பெடுத்தீர்கள். எதற்கும் சரி என்று சொல்வதற்குமுன், இதற்கு இடம் விட என்ன வெளியே போகப்போகிறது என்று கேள் என்றீர்கள். ஏப்ரலில் உங்கள் மின்னஞ்சல் வந்தபோது நான் அதைக் கேட்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். என்ன வெளியே போகும்?"

என்னிடம் பதில் இல்லை. வெளியே போனது எது என்று அவரே சொன்னார். அந்தப் பருவத்தில் எழுதி முடித்திருக்க வேண்டிய ஒரு கட்டுரை இன்னும் பாதியில் நிற்கிறது. டென்யூர், அதாவது பணி நிரந்தரம், பற்றிய முடிவின்போது அந்தக் கட்டுரையை எண்ணுவார்கள், 61 மணி நேரத்தை எவரும் எண்ணமாட்டார்கள். கோபமே இல்லாமல் சொன்னார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அன்று மாலை சுவரில் ஒட்டியிருந்த அந்தப் பன்னிரண்டு பதில்களையும் மறுபடி வாசித்தேன். இம்முறை பதிலை விட்டுவிட்டுப் பெயர்களைப் பார்த்தேன். பன்னிரண்டில் பத்துப் பேர் எங்கள் திட்டம் யாருக்காக ஏற்பட்டதோ அவர்கள். தங்கள் துறையில் ஒரே கறுப்பினப் பேராசிரியர், ஒரே பழங்குடிப் பெண், குடும்பத்தில் முதல் பட்டதாரி. ஏற்கெனவே எல்லாக் குழுவிலும் "எங்கள் பக்கத்திலிருந்து ஒருவர் வேண்டும்" என்று இழுக்கப்படுகிறவர்கள். அவர்களைப் போன்ற ஒவ்வொரு மாணவரும் வாசலில் வந்து நிற்பது அவர்களிடம்தான். அமாடோ பதியா என்ற ஸ்டான்ஃபோர்டு உளவியல் அறிஞர் 1994-இலேயே இதற்குப் "பண்பாட்டு வரி" என்று பெயர் வைத்தார். எங்கள் நல்கை விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் அந்தச் சொல்லை மேற்கோள் காட்டியது நான். அந்த வரியைக் குறைப்பதற்காக அரசிடம் பணம் வாங்கினோம். அரசு பணத்தை நிறுத்தியதும் அதே வரியை அதே ஆட்களிடம் நானே வசூலித்திருக்கிறேன். அவர்கள் சந்தோஷமாகக் கொடுத்தார்கள் என்பதால் அது வரி இல்லை என்று ஆகிவிடாது.

எதைக் கேட்பது

அதற்கடுத்த ஒரு மாதம் நான் செய்தது ஒன்றுதான். மற்ற 11 பேரிடமும் அதே போல ஒரு கணக்கைக் கேட்டேன். பழைய ஒருங்கிணைப்பாளரின் நாட்காட்டியை அவர் அனுமதியோடு திறந்து ஒரு வருடத்தை வகைபிரித்தேன். எங்கள் பழைய வரவுசெலவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். சம்பளத்துக்கு அடுத்த பெரிய செலவு கோடைப் பயிற்சியின் விடுதியும் பயணமும். பங்கேற்றவர்கள் வருடா வருடம் எழுதிய கருத்துகளில் அவர்கள் திரும்பத் திரும்பக் குறிப்பிட்டதோ மாதாந்தர வட்டத்தை. கோடைப் பயிற்சியைப் பற்றி எழுதியவர்களும் இரவு உணவுக்குப் பின் நடந்த பேச்சுகளைத்தான் எழுதினார்கள். அழைத்துவந்த புகழ்பெற்ற பேச்சாளர்களை மூன்று பேர்கூட நினைவில் வைத்திருக்கவில்லை. ஆக, பணம் அதிகம் போன இடத்தில் பயன் குறைவாகவும், இலவசம் என்று நாங்கள் நினைத்த இடத்தில் பயன் முழுவதும் இருந்தது. அந்த இலவசம் சிலருடைய மாலைகளும் சனிக்கிழமைகளும்.

கோடைப் பயிற்சியை விட்டுவிட்டோம். எப்படியும் தங்கள் துறை மாநாட்டுக்குப் போகிறவர்கள் அங்கேயே முதல்நாள் மாலை கூடிக்கொள்வதாக மாற்றினோம். நேருக்கு நேர் நான்கு நாள் இருப்பதற்கு இது ஈடாகாது, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் வட்டங்களைக் காப்பாற்றுவதா விடுதியைக் காப்பாற்றுவதா என்று வந்தபோது தயக்கமே இருக்கவில்லை.

பிறகு, கேட்பதை மாற்றினோம். அதுவரை டீன்களிடமும் துறைத்தலைவர்களிடமும் பணம் கேட்டுக்கொண்டிருந்தோம். ஆய்வு நல்கைகளோடு கட்டட, நிர்வாகச் செலவுக்காகப் பல்கலைக்கழகத்துக்குத் தரும் மேல்செலவுத் தொகையை 15 சதவீதமாக வெட்டுவோம் என்று பிப்ரவரியிலேயே என்ஐஎச் அறிவித்து, அதை நீதிமன்றம் தடுத்துவைத்தாலும், எல்லாப் பல்கலைக்கழகங்களும் பயத்தில் கையை இறுக்கிக்கொண்டிருந்தன. பணம் என்ற சொல்லைக் கேட்டாலே பேச்சு முடிந்துவிடும். எனவே நேரத்தைக் கேட்டோம். ஒரு பக்கக் கடிதம். இந்தப் பேராசிரியர் வருடத்துக்கு இத்தனை மணி நேரம் வழிகாட்டி வேலை செய்கிறார், இதை அவருடைய துறைப்பணியாக எழுத்தில் ஏற்க வேண்டும், பதிலுக்கு வேறொரு குழுவிலிருந்து அவரை விடுவிக்க வேண்டும். "வெளியே போவது" என்று ஒரு வரி, அதன் எதிரே கோடு, கீழே துறைத்தலைவரின் கையெழுத்து. அந்தக் கோட்டை நிரப்பாமல் திரும்பி வந்தால் அந்தக் கடிதத்தை ஏற்பதில்லை என்று முடிவு செய்தோம். வாயளவில் "நிச்சயமாக ஆதரிக்கிறோம்" என்றவர்கள் பலர் அந்தக் கோட்டின் முன் நின்றுவிட்டார்கள்.

ஏழு பேருக்குக் கையெழுத்து கிடைத்தது. ஐந்து பேருக்குக் கிடைக்கவில்லை. அந்த ஐவரில் இருவர், கையெழுத்து வேண்டாம், நாங்கள் தொடர்கிறோம் என்றார்கள். நான் மறுத்தேன். இந்த வருடத்தில் நான் செய்தவற்றில் கடினமானது அதுதான். ஒருவர் இன்னும் என்மேல் கோபமாக இருக்கிறார். "என் நேரத்தை என்ன செய்வதென்று எனக்குத் தெரியாதா?" என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. வளர்ந்த மனிதர் ஒருவரின் தாராளத்தை மறுக்க நான் யார்? இதற்கு என்னிடம் முழுமையான பதில் கிடையாது. ஆனால் ஒருவர் இலவசமாகச் செய்யும்வரை, பக்கத்துத் துறைத்தலைவர் எதற்காகக் கையெழுத்துப் போடுவார்? பன்னிரண்டு வட்டங்கள் ஏழாயின. 48 பேர் 28 ஆனார்கள். அந்த இருபது பேரில் சிலரோடு இப்போதும் நான் தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறேன், என் நேரக்கணக்கில் எழுதி.

ஒருங்கிணைப்பாளரைப் பழையபடி கொண்டுவர முடியவில்லை. அவருக்கு அதே பல்கலைக்கழகத்தில் வேறோர் அலுவலகத்தில் வேலை கிடைத்துவிட்டது. அவருடைய நேரத்தில் கால்பங்கை எங்களுக்குத் தர அந்த அலுவலகத்தையும் போஸ்ட்டாக் அலுவலகத்தையும் சம்மதிக்கவைத்தோம். அந்தக் கால்பங்கு பல்கலைக்கழகத்தின் சொந்த வரவுசெலவில் ஒரு வரியாக இருக்கிறது. நன்கொடையாகவோ ஒருமுறை உதவியாகவோ இருந்திருந்தால் வாங்கியிருப்பேன், ஆனால் நிம்மதியாகத் தூங்கியிருக்கமாட்டேன். தனியார் அறக்கட்டளைகள் காப்பாற்றும் என்று நம்பியவர்களுக்கு 2025 பிப்ரவரியிலேயே பாடம் கிடைத்துவிட்டது. ஹோவர்ட் ஹியூஸ் மருத்துவ நிறுவனம் 104 கல்லூரிகளுக்கான 6 கோடி டாலர் திட்டத்தை நடுவழியில் நிறுத்தியது.

இங்கே நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுன்ட்டி வளாகத்தை. 1988-இல் ராபர்ட், ஜேன் மேயர்ஹாஃப் தம்பதி கொடுத்த கொடையில்தான், கறுப்பின மாணவர்களை அறிவியல் ஆய்வுக்குத் தயார்செய்யும் மேயர்ஹாஃப் திட்டம் அங்கே தொடங்கியது. முதல் அணியில் 19 கறுப்பின இளைஞர்கள். கோவிட் தடுப்பூசி ஆய்வில் முன்நின்ற கிஸ்மீக்கியா கார்பெட் பின்னாளில் அந்தத் திட்டத்திலிருந்து வந்தவர். கொடை விதையாக மட்டும்தான் இருந்தது. அதைத் தொடங்கிய ஃப்ரீமன் ஹ்ரபோவ்ஸ்கி பிறகு 1992 முதல் 2022 வரை முப்பது வருடம் அந்தப் பல்கலைக்கழகத்தின் தலைவராகவே இருந்தார். பேராசிரியர்கள் மாணவர்களைத் தங்கள் ஆய்வுக்கூடங்களுக்குள் எடுத்துக்கொள்வது அங்கே அன்றாட வேலையானது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்திலும் வட கரோலினா பல்கலைக்கழகத்தின் சேப்பல் ஹில் வளாகத்திலும் 2013-இல் அதே முறையைத் தொடங்கியபோது, மேலிருந்த நிர்வாகம் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டதால்தான் அங்கும் அது வேர்பிடித்தது. எங்கள் திட்டம் பல்கலைக்கழகத்தின் உள்ளே இருந்தது, ஆனால் பல்கலைக்கழகத்தின் வேலையாக ஒருநாளும் இருந்ததில்லை. வாடகை வீட்டில் இருப்பதுபோல இருந்தோம்.

பெயரைப் பற்றியும் கேட்பார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். வழக்கறிஞர்கள் சொன்னதால் திட்டத்தின் பெயரில் ஒரு சொல்லை எடுத்தோம். விரும்பும் யாரும் விண்ணப்பிக்கலாம் என்றாக்கினோம். கதவைத் திறந்ததில் எனக்கு வருத்தமில்லை. சுரங்கத் தொழிலாளி வீட்டிலிருந்து வந்த வெள்ளைக்கார இளைஞருக்கும் இந்தச் சாப்பாட்டு மேசைப் பாடம் கிடைக்காதுதான். இப்போதைய வட்டம் ஒன்றில் அப்படி ஒருவர் இருக்கிறார், அவர் வந்ததில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. நாங்கள் இழந்தது வேறு. முன்பு சிறிய கல்லூரிகளுக்கும் பழங்குடிக் கல்லூரிகளுக்கும் நேரில் போய், இப்படி ஒன்று இருக்கிறது, நீங்கள் வர வேண்டும் என்று பெயர் சொல்லி அழைப்போம். தனக்கு இது உரியது என்று தோன்றாதவர் திறந்த கதவைப் பார்த்துத் தானாக உள்ளே வருவதில்லை. அந்தப் பயணங்களுக்கு இப்போது ஆளும் இல்லை, நேரமும் இல்லை. 28 பேரின் பட்டியலைப் பார்க்கும்போது யார் யார் அதில் இல்லை என்பது எனக்குத் தெரிகிறது.

விலகிய அந்தப் பெண்ணின் துறைத்தலைவர் இதுவரை கையெழுத்துப் போடவில்லை. பாதியில் நின்ற கட்டுரையை முடித்து அனுப்பிவிட்டதாகச் சென்ற மாதம் அவர் எழுதியிருந்தார். துறைத்தலைவரைப் பார்க்க அடுத்த வாரம் நான் நேரில் போகிறேன், மூன்று மணி நேரம் கார் ஓட்டி. துறைத்தலைவரிடம் என்ன சொல்லட்டும் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "நான் நல்லவள், அர்ப்பணிப்புள்ளவள் என்றெல்லாம் சொல்லாதீர்கள்" என்றார். "அந்த எக்ஸெல் தாளை அச்செடுத்து மேசைமேல் வையுங்கள். அவர் படித்து முடிக்கும்வரை பேசாமல் இருங்கள்."